2 டிகிரி தண்ணீரில் முக்குளிப்பா? உடல் சூட்டைக் காப்பது எப்படி?

தியோமனிலோ பெர்ஹெந்தியானிலோ முக்குளிக்கக் கற்றுக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் குளிரைப் பற்றி அதிகம் கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள். அங்கே கடல்நீர் பெரும்பாலும் 28, 29 டிகிரி செல்சியஸ். மெல்லிய வெட்சூட் போதும்.

ஐஸ்லந்தின் சில்ஃப்ரா பிளவுக்குப் போனால் கதையே வேற.

வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் விலகிச் செல்லும் இடத்தில், திங்வெட்லிர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது சில்ஃப்ரா. பனியாறு உருகிய நீர், எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் ஊறி, வடிகட்டப்பட்டு அங்கே வந்து சேருகிறது. நீருக்கடியில் 100 மீட்டர் தூரம்கூடத் தெளிவாகத் தெரியும் என்பதால் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் தண்ணீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரிதான். கிட்டத்தட்ட உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உட்புறம்!

தண்ணீரில் ஏன் இவ்வளவு சீக்கிரம் குளிருது?

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 20 டிகிரி ஏர்கான் அறையில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அதே 20 டிகிரி தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடிக்கும். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ ஆபத்து.

வெட்சூட் உங்களை நனையாமல் காப்பதில்லை. 1950களின் தொடக்கத்தில் அதை உருவாக்கிய அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்ட விஷயமே அதுதான்: நனைஞ்சா பரவாயில்லை, சூடு வெளியேறாமல் இருந்தால் போதும். நியோப்ரீனுக்குள் இருக்கும் குட்டிக் குட்டி வாயுக் குமிழ்களே சூட்டைத் தடுத்து வைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிவிடும். குமிழ்கள் நசுங்கும், துணி மெலியும். குளிர் அதிகமாக இருக்கும் ஆழத்தில்தான் வெட்சூட்டின் பலமும் குறைகிறது.

அதனால்தான் சில்ஃப்ராவில் டிரைசூட் கட்டாயம். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டை இருப்பதால் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் டிரைசூட் மட்டும் சூடு தந்துவிடாது. உள்ளே அணியும் உடையும் அதில் தங்கும் காற்றும்தான் வேலை செய்கின்றன. கம்பளி, ஃபிளீஸ் நல்லது. பருத்தி டி-ஷர்ட் வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும்.

உள்ளே காற்று இருப்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்று கால்பக்கம் ஏறிவிட்டால் தலைகீழாக மேலே இழுத்துச் சென்றுவிடும். யூடியூப் பார்த்துக் கற்கும் விஷயமில்லை இது. பயிற்றுவிப்பாளரோடு முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

மூச்சுக் கருவியும் குளிரில் மக்கர் பண்ணலாம். தொட்டியிலிருந்து வெளிவரும் காற்று விரிவடையும்போது மேலும் குளிர்ந்து, உள்ளே பனிக்கட்டி பிடித்தால் காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கும். குளிர்நீருக்கென்றே தயாரிக்கப்பட்ட ரெகுலேட்டர்தானா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நீருக்குள் இருக்கும்போது விரல்களைக் கவனியுங்கள். கொக்கியைக் கழற்ற முடியவில்லை, வால்வு பட்டனை அழுத்த முடியவில்லை என்றால் உடனே துணைவருக்குச் சைகை காட்டி மேலே வாருங்கள். உடல் நடுங்க ஆரம்பித்தாலும் அப்படித்தான். "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று இழுக்காதீர்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டுக் குழறிப் பேசினால் நிலைமை மோசமாகிவிட்டது. அவசர உதவி தேவை.

மேலே வந்ததும் சுடுதண்ணியில் குளிக்கத் தோணும். கொஞ்சம் பொறுங்க. உடலில் இன்னும் நைட்ரஜன் கரைந்திருக்கும். தோல் திடீரென்று சூடானால் அது குமிழ்களாக வெளிவரும் வாய்ப்பு கூடும். முதலில் ஈர உடையை மாற்றி, தொப்பி போட்டு, சூடாக ஏதாவது குடியுங்கள். குளிரில் சிறுநீர் அதிகம் கழியும் என்பதால் உடலுக்கு நீரும் தேவைப்படும்.

டிரைசூட் அனுபவமே இல்லையா? சில்ஃப்ராவில் ஸ்நோர்க்கலிங்கும் உண்டு. மேற்பரப்பில் மிதந்தபடியே அதே பிளவைப் பார்க்கலாம்.