டிக் பெட்டி புராணம்

புது வெர்ஷன் வருதுன்னா மார்க்கெட்டிங் சாஃப்ட்வேர் ஆசாமிகளுக்கு முதல் ஆணி, பழைய ஃபாரங்களைத் தூசு தட்டறதுதான். பேர், ஈமெயில், கம்பெனி எல்லாம் சமர்த்தா புது வீட்டுக்குக் குடி வந்துடும். வம்பு பண்றது கடைசியில இருக்கற அந்தச் சின்ன டிக் பெட்டி. "சலுகைகளை ஈமெயிலில் அனுப்பச் சம்மதிக்கிறேன்"னு இருக்குமே, அதேதான்.

அதோட ஜாதகம் கொஞ்சம் பழசு. 1993-லயே மொசைக் உலாவியில ஃபாரம் வந்தாச்சு. விதியா எழுதி வெச்சது 1995 நவம்பர்ல, டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் எழுதின எச்டிஎம்எல் 2.0. டிக் பெட்டிக்கு அதுல ரெண்டு குணம். ஒண்ணு, 'செக்டு'ன்னு ஒரு வார்த்தை சேர்த்தா பக்கம் திறக்கும்போதே டிக் விழுந்திருக்கும். ரெண்டு, டிக் இல்லாத பெட்டியைப் பத்தி உலாவி சர்வர்கிட்ட மூச்சே விடாது. "வேண்டாம்"னு சொன்னவரும், அந்தக் கேள்வியையே பார்க்காதவரும் டேட்டாபேஸுக்கு ஒண்ணுதான்!

முதல் குணத்தை மார்க்கெட்டிங்காரங்க கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. அமெரிக்காவோட 2003 கேன்-ஸ்பாம் சட்டமும் முன்கூட்டிச் சம்மதம் வாங்கச் சொல்லலை. விலகிக்க வழி கொடுத்தா போதும்னுடுச்சு. சோம்பலைச் சம்மதம்னு கணக்கெழுதறது எனக்கு என்னிக்குமே ஒப்பலை.

ஐரோப்பாவுல கதை மாறிச்சு. பிளானட்49-ங்கற ஜெர்மன் கம்பெனி 2013-ல இணையத்துல ஒரு பரிசுப் போட்டி நடத்துச்சு. குக்கீக்கான பெட்டியில டிக்கைத் தானே போட்டு வெச்சிருந்தது. நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு கோர்ட்டுக்குப் போச்சு. நடுவுல, 2018 மே 25-ல, ஜிடிபிஆர் அமலுக்கு வந்தது. 2019 அக்டோபர் 1-ல ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிடுச்சு: முன்னாடியே விழுந்த டிக் சம்மதம் ஆகாது. டிக்கை எடுக்காம விட்டவர் படிச்சுட்டு விட்டாரா, பார்க்காமலே விட்டாரான்னு யார் கண்டா? நம்ம நாட்டுல 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான செயலால காட்டற சம்மதத்தைத்தான் கேட்குது.

சரி, 'செக்டு'ங்கற வார்த்தையை எடுத்துட்டா வேலை முடிஞ்சுதா? அங்கதான் ரெண்டாவது குணம் கழுத்தைப் பிடிக்கும். போன வருஷம் டிக் போட்டவர் இந்தத் தடவை போடாம அனுப்பறார்னு வைங்க. சர்வருக்கு ஒண்ணுமே வராது. 'ஒண்ணும் வரலைன்னா பழசை மாத்தாதே'ன்னு சாஃப்ட்வேர்ல அமைப்பு இருந்தா, அவரோட பழைய சம்மதம் அப்படியே நிக்கும். மனுஷன் மாட்டேன்னுட்டார், மெயில் போயிட்டே இருக்கும். அதனால அதே பேர்ல ஒரு மறைவான ஃபீல்டை, 'இல்லை'ங்கற மதிப்போட, பெட்டிக்கு முன்னாடி வைக்கறது பழைய வழக்கம். கூடவே எந்த வாசகத்தைக் காட்டினோம், என்னிக்குக் காட்டினோம்ங்கறதும் பதிவாகணும்.

தேதியே இல்லாத பழைய பெயர்களை என்ன பண்றது? "ஒரு மெயில் தட்டிக் கேட்டுடலாமே"ன்னு யாராவது சொல்வாங்க. பிரிட்டனோட ஃப்ளைபி விமானக் கம்பெனி 2016-ல அதைத்தான் பண்ணுச்சு. "உங்க விவரம் சரியா இருக்கா?"ன்னு 33 லட்சத்துக்கும் மேல மெயில், அதுவும் ஏற்கெனவே வேண்டாம்னு சொன்னவங்களுக்கு. 2017 மார்ச்ல அபராதம் 70,000 பவுண்டு.