ஷார்ட்பிரெட்: ஒரு வெண்ணெய் பிஸ்கட்டின் வரலாறு

ஷார்ட்பிரெட் என்பது மைதா, வெண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்று பொருள்களைக் கொண்டு செய்யப்படும் பிஸ்கட் வகை ஆகும். இதன் தாயகம் ஸ்காட்லாந்து. எடைக் கணக்கில் சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, மாவு 3 பங்கு என்பது மரபான அளவு. முட்டை, பால், சோடா உப்பு எதுவும் தேவையில்லை. இன்று எந்த வீட்டிலும் எளிதாகச் செய்துவிடக்கூடிய இந்தப் பண்டம், 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத ஒன்றாக இருந்தது. அந்த மூன்று பொருள்களும் சாதாரண மக்களின் கைக்கு வந்து சேர்ந்த கதையே ஷார்ட்பிரெட்டின் வரலாறு எனலாம்.

பெயர்க் காரணம்

'ஷார்ட்' என்ற சொல்லுக்கு இங்கே 'குட்டை' என்று பொருள் இல்லை. எளிதில் பொடியும் தன்மையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சமையல் வழக்கு அது. மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது குளூட்டன் என்னும் புரதம் நீண்ட இழைகளாக உருவாகிறது. ரொட்டியை இழுபடச் செய்வது இதுவே. வெண்ணெய் நிறையச் சேர்க்கும்போது அதன் கொழுப்பு மாவுத் துகள்களைச் சுற்றிப் படிந்து, நீர் உட்புகாமல் தடுக்கிறது. அதனால் இழைகள் நீளமாக வளர்வதில்லை. பிஸ்கட் வாயில் இட்டதும் பொடிகிறது. 'பிரெட்', அதாவது ரொட்டி, என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது அதன் பிறப்பை நினைவூட்டுகிறது.

ரொட்டியிலிருந்து பிறந்தது

இடைக்காலத்தில் ரொட்டி சுட்டபின் மீந்த மாவைச் சிறிது இனிப்பும் மணப்பொருளும் சேர்த்து, தணிந்த சூட்டில் மொறுமொறுப்பாக உலர்த்தி எடுக்கும் வழக்கம் இருந்தது. அந்த 'பிஸ்கட் ரொட்டி'யிலிருந்தே ஷார்ட்பிரெட் வளர்ந்தது என்று உணவு வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். ஈஸ்ட் மெல்ல மெல்ல விலக, அதன் இடத்தை வெண்ணெய் பிடித்துக்கொண்டது.

ஸ்காட்லாந்து அரசி மேரியின் (1542–1587) பெயரோடும் இந்தப் பண்டம் இணைத்துப் பேசப்படுகிறது. வட்டமாகச் சுட்டு முக்கோணத் துண்டுகளாக வெட்டப்படும் 'பெட்டிகோட் டெயில்ஸ்' என்ற வகை அவருக்குப் பிடித்தமானது என்பது செவிவழிக் கதை. அந்தப் பெயர் சிறு கேக்குகளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு என்பர் சிலர். துண்டுகள் அக்கால உள்பாவாடையின் துணிப் பகுதிகளைப் போல இருந்ததால் வந்தது என்பர் வேறு சிலர்.

ஷார்ட்பிரெட்டின் செய்முறை முதன்முதலில் அச்சானது மேரி இறந்து ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பிறகுதான். 1736இல் கிளாஸ்கோ நகரில் திருமதி மெக்லின்டாக் என்பவரின் சமையல் நூல் வெளியானது. ஸ்காட்லாந்தில் அச்சிடப்பட்ட முதல் சமையல் நூலாக இது குறிப்பிடப்படுகிறது. அதிலுள்ள ஷார்ட்பிரெட்டில், பீர் வடிக்கும்போது மேலே திரளும் ஈஸ்ட் நுரையும் சேர்க்கப்படுகிறது. இன்றைய அளவோடு ஒப்பிட்டால் வெண்ணெயும் மிகக் குறைவு. 18ஆம் நூற்றாண்டிலும் ஷார்ட்பிரெட் ரொட்டியை முழுமையாக விட்டு விலகவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்று பொருள்களின் விலை

ஸ்காட்லாந்தின் குளிரிலும் ஈரத்திலும் நன்றாக விளைந்தவை ஓட்ஸும் பார்லியும். ஓட்ஸ் கஞ்சியும் கல்லில் சுட்ட ஓட்ஸ் அடையும்தான் உழைக்கும் மக்களின் அன்றாட உணவு. வெள்ளைக் கோதுமை மாவு வசதியுள்ளோரின் பண்டமாக இருந்தது. பால்மாடு வைத்திருந்த குடியானவர்களும் வெண்ணெயைத் தாராளமாக உண்ணவில்லை. அதை விற்றுக் காசாக்கினர். சில பகுதிகளில் நிலக் குத்தகையின் ஒரு பகுதியாகவும் கொடுத்தனர்.

சர்க்கரையின் கதை இன்னும் கசப்பானது. 1707இல் இங்கிலாந்துடன் இணைந்தபின், ஸ்காட்லாந்து வணிகர்களுக்குப் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுடன் வாணிபம் செய்யும் உரிமை கிடைத்தது. கரீபியன் தீவுகளின் சர்க்கரை கிளாஸ்கோவுக்கும், சர்க்கரை ஆலைகளுக்குப் பெயர்பெற்ற கிரீனக் துறைமுகத்துக்கும் வந்து குவிந்தது. அந்தக் கரும்பை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகளும் அவர்களின் வழித்தோன்றல்களும் ஆவர். அந்தத் தீவுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் நிறைவேறியது. ஆகவே அக்காலத்து ஷார்ட்பிரெட்டின் இனிப்புக்குப் பின்னால் அவர்களின் கட்டாய உழைப்பு இருந்தது என்பதை மறந்துவிட முடியாது.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1874இல் பிரிட்டன் சர்க்கரை மீதான இறக்குமதி வரியை நீக்கியது. வெளிநாட்டுக் கோதுமையால் மாவு விலை இறங்கியது. திறந்த அடுப்பு மட்டுமே இருந்த வீடுகளில் ஓவனுடன் கூடிய இரும்பு அடுப்புகள் இடம்பெற்றன. அதுவரை ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பை நம்பியிருந்த பண்டம் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தது.

சடங்கும் பண்டிகையும்

அரிய பொருள்களால் ஆனது என்பதால் ஷார்ட்பிரெட் சிறப்பு நாள்களுக்கு உரியதாயிற்று. கிறிஸ்துமசும், 'ஹாக்மனே' எனப்படும் ஆண்டின் கடைசி இரவும் அவற்றுள் முக்கியமானவை. நள்ளிரவு கடந்ததும் வீட்டுக்குள் முதலில் காலடி வைப்பவர் கொண்டுவரும் பொருள்களில் ஷார்ட்பிரெட்டும் ஒன்று. ஷெட்லாந்து தீவுகளில், மணப்பெண் புகுந்த வீட்டின் வாசற்படியில் நிற்கும்போது, அலங்கரித்த ஷார்ட்பிரெட்டை அவள் தலைக்கு மேலே உடைக்கும் வழக்கம் இருந்தது.

கடையும் போர்க்காலமும்

1898இல் ஜோசப் வாக்கர் என்ற இளைஞர் அபர்டீன்ஷயர் பகுதியிலுள்ள டார்ஃபின்ஸ் என்ற சிற்றூரில் ரொட்டிக் கடை தொடங்கினார். 1910இல் அபர்லவர் ஊருக்கு இடம்பெயர்ந்த அந்தக் கடையே வாக்கர்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. ஸ்காட்லாந்துக்கே உரிய கட்டம்போட்ட துணியின் வடிவத்தைத் தாங்கிய பெட்டிகளில் ஷார்ட்பிரெட் உலகெங்கும் சென்றது.

இரண்டாம் உலகப் போர் பழைய தட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. 1940 ஜனவரி 8 முதல் பிரிட்டனில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டு அட்டைக்கு மட்டுமே கிடைத்தன. ஒருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்சு, அதாவது சுமார் 57 கிராம் என்ற அளவுக்கும் வெண்ணெய்ப் பங்கீடு குறைந்தது. 225 கிராம் வெண்ணெயில் ஒரு தட்டு ஷார்ட்பிரெட் சுட வேண்டுமானால், நான்கு பேரின் ஒரு வாரப் பங்கு முழுவதும் தேவைப்பட்டிருக்கும். சர்க்கரைக்கான கட்டுப்பாடு 1953இலும், வெண்ணெய்க்கான கட்டுப்பாடு 1954இலும்தான் நீங்கின.

வீட்டில் செய்யும் முறை

150 கிராம் வெண்ணெயை 75 கிராம் சர்க்கரையுடன் குழைத்து, 225 கிராம் மைதாவைச் சேர்த்துத் திரட்டவேண்டும். வெண்ணெய் குளிர்ச்சி நீங்கி மென்மையாக இருக்கவேண்டுமே தவிர உருகிவிடக்கூடாது. அழுத்திப் பிசைந்தால் குளூட்டன் வலுப்பட்டு பிஸ்கட் கடினமாகிவிடும். மாவில் சிறிதளவைக் குறைத்து அதற்கு ஈடாக அரிசி மாவோ ரவையோ சேர்த்தால் மணல்போன்ற பொரபொரப்பு கிடைக்கும். தட்டில் ஒரே சீராகப் பரப்பி, ஆவி வெளியேற முள்கரண்டியால் குத்தி, சுமார் 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில், வெளிர் பொன்னிறம் வரும்வரை நிதானமாகச் சுடவேண்டும். சூடு ஆறும் முன்பே துண்டு போட்டுவிடவேண்டும். ஆறியபின் வெட்டினால் நொறுங்கும்.

வேறு மணமோ நிறமோ சேராததால் ஷார்ட்பிரெட்டின் சுவை முழுவதும் வெண்ணெயின் தரத்தைப் பொறுத்தது. கிடைத்தற்கரிய வெண்ணெயைச் சிறப்பு நாளுக்கென்று சேர்த்துவைத்துச் சுட்ட காலத்திலிருந்து இன்றுவரை மாறாத செய்தி அது ஒன்றே.