துவிச்சக்கர வண்டி கண்ட யாழ்ப்பாணப் பாதைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. மாரியில் மட்டும் நீர் காணும் வழுக்கையாற்றை ஆறென்று சொல்வது ஊரார் அதற்கு அளித்த மரியாதை எனலாம். சுண்ணக்கற்பாறையின் மேல் விரிந்த இத்தட்டை நிலத்தைக் காண்போர், துவிச்சக்கர வண்டிக்கென்றே இயற்கை சமைத்த நாடு இது என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பாதிதான் உண்மை. மலைநாட்டில் வண்டி செலுத்துபவன் ஏற்றத்தோடு போராடுகிறான். ஏறிய பின் இறக்கம் உண்டு என்ற ஆறுதலாவது அவனுக்குக் கிடைக்கிறது. குடாநாட்டிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் மணலும் உப்புச்சேறும் எதிர்க்காற்றுமே பகை. சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைக் கடற்சாலையிலே மேற்கு நோக்கி மிதிப்பவனுக்கு இறக்கம் என்பது எங்குமே இல்லை.

இந்நிலத்தின் பழைய பெருவழியைச் சில்லுகளுக்கு முன்பே யானைகள் மிதித்து வகுத்துவிட்டன. வன்னிக் காடுகளிலே பிடிக்கப்பட்ட யானைகள் கடனீரேரியின் ஆழங்குறைந்த இடத்தைக் கடந்து குடாநாட்டுக்குள் நடத்திவரப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயரே அதற்குச் சான்று. அவை யாழ்ப்பாணத்தில் இந்திய வணிகருக்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையில் மரக்கலம் ஏறின. அத்துறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்ற பெயர், யானைகளின் துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொற்றொடரின் சிதைவு என்பர். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தனர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று; வேலணை லெய்டன் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மட்டும் அரசாங்க ஏடுகளில் இன்றும் நிலைத்திருக்கிறது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1829 தொடங்கி 1867 வரை பெரும்பாலான காலம் இங்கு அதிகாரம் செலுத்திய அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் தெருக்களில் கருத்தூன்றினார். வடக்கின் அரசன் என்று அவரைச் சொன்னவர்கள் முற்றும் புகழ்ச்சியாகவே சொன்னார்கள் என்று கொள்ளவேண்டியதில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பாதை என்றால் நடக்கும் வழி என்பதே அகராதி கூறும் பொருள். ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு: மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் தட்டையான மிதவை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலே சென்றது பாதைதான். அங்கே பயணி நிற்க, பாதை நகரும். நிலமும் நீரும் மாறி மாறி வரும் நாட்டிலன்றி இச்சொல்லுக்கு இப்பொருள் பிறந்திராது.

துவிச்சக்கர வண்டி இன்றைய உருவை அடைந்தது 1885ஆம் ஆண்டில். இங்கிலாந்திலே யோன் கெம்ப் ஸ்ராலி என்பவர், பின்சில்லைச் சங்கிலியால் இயக்கும் வண்டியை அவ்வாண்டில் வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து, பெல்பாஸ்ற் நகரத்து மிருகவைத்தியர் டன்லொப், தம் மகனுடைய முச்சில்லு வண்டி கல்லில் அதிர்வதைப் பொறாது காற்றடைத்த ரயரைச் செய்தார். அந்த ரயருக்கு வேண்டிய இறப்பர், பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாக 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்குக் கன்றுகளாக வந்து சேர்ந்திருந்தது. ஆயினும் மரம் இங்கே வளர, வண்டி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. றலி, ஹம்பர், றட்ஜ், ஹேர்க்குலிஸ் என்ற பெயர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் உறவினர் பெயர்போல் வழங்கலாயின. ஆசிரியரும் தபாற்காரரும் கமக்காரரும் அதனையே நம்பினர். பின்வந்த தலைமுறைகளில் பெண்களும் மாணவிகளும் வண்டியேறி ஒழுங்கைகளிலே பள்ளிக்கும் சந்தைக்கும் செல்வது இயல்பாயிற்று. தென்னிலங்கையிலிருந்து வருவோர் வியந்து நோக்கிய காட்சி அது.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைக் கடற்சாலை வழியாக மண்டைதீவைத் தொட்டு வேலணைக்கும், அங்கிருந்து மற்றொரு கடற்சாலை வழியாகப் புங்குடுதீவுக்கும் வண்டியிலேயே செல்லலாம். ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் குறிகட்டுவான் துறை. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறவேண்டும். துவிச்சக்கர வண்டியும் படகேறும். நெடுந்தீவில் தெருவின் இருமருங்கும் முருகைக்கல் அடுக்கிய வேலிகள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் வெளிகளில் கட்டுக்கடங்காது மேயும்.

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே இளைஞர் சிலர் பழைய தடித்த ரயர் வண்டிகளைத் தமல்பைஸ் மலைச்சரிவிலே உருட்டி விளையாடினர். அவ்விளையாட்டு வளர்ந்து, 1996இல் அற்லாந்தா ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. காடும் கல்லும் சேறும் நிறைந்த வழியில் வண்டி செலுத்துவதை உலகம் ஒரு வீர விளையாட்டாகக் கொண்டாடத் தொடங்கிய அதே காலத்தில், யாழ்ப்பாணத்து மக்கள் அதனை வேறு காரணத்துக்காகச் செய்துகொண்டிருந்தனர்.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது. எரிபொருளும் மின்கலங்களும் குடாநாட்டுக்குள் வருவது தடைசெய்யப்பட்டது. மோட்டார் வண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. எஞ்சியது துவிச்சக்கர வண்டியே. நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் அதன்மேல் ஏறின. ஆனையிறவு வழி அடைபட்டது. சங்குப்பிட்டித் துறையும் 1991இன் பிற்பகுதியில் அடைபட்டது. அப்பொழுது ஆனையிறவுக்குக் கிழக்கே ஒரு வழியை மக்கள் கண்டனர். கொம்படி–ஊரியான் பாதை என்பது அதன் பெயர். உண்மையில் அது பாதையன்று. கடனீரேரியின் ஆழங்குறைந்த நீரும் சேறுமே. முழங்கால் அளவு நீரில், மாரியில் அதற்கும் மேலான நீரில், சுமையேற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆணும் பெண்ணும் நடந்தனர். கரைசேர்ந்தபின் வன்னிக் காட்டுவழி. மழைபெய்தால் செம்மண் சில்லையும் மட்காட்டையும் ஒன்றாக ஒட்டிவிடும். குச்சியால் சேற்றைக் கிண்டி எறிந்து பத்தடி செல்வதும் மறுபடி நிற்பதுமாக வவுனியா நோக்கிய பயணம் நடந்தது. வண்டியின் அருமையை அங்கே அறியலாம்: நிலத்தில் அது மனிதனைச் சுமந்தது, நீரிலும் சேற்றிலும் மனிதன் அதனைச் சுமந்தான்.

பின்னர்க் கிளாலித் துறை திறந்தது. இருளிலே, மோட்டார் பூட்டிய ஒரு வள்ளத்தின் பின்னே வேறு வள்ளங்கள் கயிற்றால் பிணைக்கப்பட்டு, மனிதரோடு துவிச்சக்கர வண்டிகளும் ஏரியைக் கடந்தன. 1993 தை மாதத்தில் அந்நீரிலே பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். மறுபடியும் மக்கள் அவ்வழியே சென்றனர். வேறு வழி இருக்கவில்லை.

அவ்வாண்டுகளில் துவிச்சக்கர வண்டி செய்த மற்றொரு பணி வானொலி நேயர்கள் அறிந்து வைத்திருக்கத்தக்கது. இரவில் முன்விளக்குக்கு ஒளிதர அமைந்த டைனமோ, சில்லோடு உரசிச் சுழன்று ஆறு வோல்ற்று அளவில் ஆடலோட்டத்தைத் தரும். அதனை நேரோட்டமாக்கி, மின்கலமில்லாத வானொலிப் பெட்டிக்குக் கம்பி இழுத்தனர். முற்றத்திலே வண்டியை நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து இலண்டன் தமிழோசையின் செய்தியைக் கேட்டனர். சுற்றும் கை தளர்ந்தால் செய்தியும் தளரும். செய்தியின் நடுவே ஆள் மாறவேண்டியதும் உண்டு. ஓர் இடத்துக்கும் நகராமல் நின்ற அவ்வண்டி உலகத்தை முற்றத்துக்குக் கொணர்ந்தது. அரசர்களையும் கோட்டைகளையும் எழுதிய யாழ்ப்பாண வரலாற்று நூல்கள் டைக்குத் துரையின் தெருக்களுக்குப் பக்கம் ஒதுக்கியிருக்கின்றன. கொம்படியில் வண்டி தள்ளியவர்களுக்கும் முற்றத்தில் மிதி சுற்றியவர்களுக்கும் அந்நூல்களில் இடம் இன்னும் போதியதாக இல்லை.

1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். நான்கு முதல் ஐந்து இலட்சம் பேர் என்று மதிப்பிடுவர். மழை பெய்த அவ்விரவில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி அசைந்த கூட்டத்தில், கரியரில் மூட்டையும் பாரில் குழந்தையுமாகத் தள்ளப்பட்ட வண்டிகள் எண்ணற்றவை. ஏறி மிதிக்க இடமின்றி, சில கிலோமீற்றரைக் கடக்க ஓர் இரவு முழுவதும் தேவைப்பட்டது.

2002இல் நெடுஞ்சாலை திறந்தது, 2006இல் மூடியது, போர் முடிந்த 2009இல் மீண்டும் திறந்தது. 2011இல் சங்குப்பிட்டியில் பாலம் அமைந்தது. 2014இல் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. மோட்டார் சைக்கிள்கள் பெருகின; பழைய வண்டிகள் கொட்டிலின் மூலைக்குச் சென்றன. தடித்த ரயர் பூட்டிய புதுவகை வண்டிகளில் அயல்நாட்டுப் பயணிகள் தீவுகளைச் சுற்றிவரலாயினர். 2022இல் நாடெங்கும் எரிபொருள் அற்றுப்போய், நிரப்பு நிலையங்களில் வரிசைகள் நீண்டபொழுது, மூலையிற் கிடந்த வண்டிகள் மீண்டும் வெளியே வந்தன. புது வண்டிகளின் விலை சாதாரண மக்களுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. ரியூப்புக்கு ஒட்டுப்போடுவோர் மறுபடி தேடப்பட்டனர்.

ஊரியான் பக்கத்து நீர்ப்பரப்பின் கிழக்கே சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. பருவம் வந்தால் அந்த ஆழங்குறைந்த நீரிலே பூநாரைகள் இறங்கி, சேற்றைக் கிளறி இரை தேடுகின்றன.