அளவையும் ஆலய வாசலும்

வெருகல் ஆற்றுக்கு அண்மையில், ஈச்சிலம்பற்றில், சமய பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து வினவினான்: “வேதமும் ஆகமமும் இறைவன் அருளியவை, ஆதலால் அவற்றில் பிழை இராது என்கிறீர்கள் ஐயா. அவை இறைவன் அருளியவை என்பதை எப்படி அறிந்தோம்?” “அந்நூல்களே அவ்வாறு கூறுகின்றன” என்றோம். வகுப்பு சிரித்தது. சான்று சொல்ல வந்தவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான் என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது.

அவ்வினா தமிழுக்குப் புதியதன்று. காட்சி, கருதல், உரை என அளவை மூன்றென்பது சைவ சித்தாந்தம். மணிமேகலையில் வரும் அறவண அடிகளோ முதலிரண்டையே அளவையாகக் கொண்டு, ஏனையவற்றைக் கருதலுள் அடக்கினார். வேதம் ஒருவராலும் ஆக்கப்படாதது என்ற கொள்கையை வாதத்துக்கு இழுத்து மறுப்பதற்கென்றே சமண நூலாகிய நீலகேசி ஒரு சருக்கத்தை ஒதுக்கியது. நூலின் பிழையின்மையை ஐயுறுவது மேனாட்டார் கற்பித்த பழக்கம் என்போர் இவற்றை மறந்துவிடுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாதம் ஈழத்தில் மீண்டும் மூண்டது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் ‘சைவ தூஷண பரிகார’த்தை வெளியிட்டார். சைவக் கிரியைகளைப் பழித்த பாதிரிமாருக்கு, அவர்தம் வேதத்திலேயே ஆலயமும் பலியும் தூபமும் உள்ளமையை எடுத்துக்காட்டினார். ஆட்சியின் நிழலில் நடந்த மதப் பிரசாரத்தை எதிர்த்து நின்ற அப்பணியின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் பிறர் வேதத்தை அளந்த கோல் தம் ஆகமத்தின் முன் தாழ்ந்துவிட்டது. அந்நூல்களின் பெயரால் நின்ற சாதியாசாரத்தையும் அவர் கைவிட்டாரல்லர். 1869இல், இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனல் தகாதென்று மறுப்பெழுதினார்.

1873 ஆகஸ்டில் பாணந்துறையில் பௌத்தரும் கிறிஸ்தவரும் ஒருவர் நூலை ஒருவர் சோதித்து இரண்டு நாள் வாதிட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில், மேட்டுக்குப்பத்தில், இராமலிங்க அடிகள் தம் அன்பர்களிடம் வேதாகமங்களில் மனத்தை வைக்கவேண்டாம் என்றார். சைவத்தில் தாம் முன்னர் கொண்டிருந்த பற்றும் நீங்கியதென்றார். மாற்றான் நூலில் பிழை காண்பது எவர்க்கும் எளிது. தாம் வளர்ந்த மரபின் நூலையே விலக்கிவைத்த அடிகளை நாத்திகர் என்று எவர் சொல்லமுடியும்?

இது வெறும் ஏட்டு வழக்கன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலின் வாசலில், உள்ளே சென்று வழிபட உரிமை கோரித் தாழ்த்தப்பட்ட மக்கள் நின்றனர். மரபின் பெயரால் அவர்களைத் தடுத்து முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம். இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதற் கணிதப் பேராசிரியர் அவர்! நிறுவாத எதனையும் ஏற்கலாகாதென்று கற்பிக்கும் துறை கணிதம். அத்துறையின் ஆசானே கோவில் வாசலில் நிறுவல் கேட்க மறந்தார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

பிழையற்ற நூல் என்ற கொள்கையின் பயன் யாது என்று கேட்போமாயின், மாவிட்டபுரத்து வாசலே விடை கூறும். நூல் தானாகப் பேசுவதில்லை; அதன் பொருளை உரைப்பவன் மனிதன். நூலுக்குப் பிழையில்லை என்றவுடன், உரைப்பவன் தனக்கும் பிழையில்லை என்று ஆக்கிக்கொள்கிறான். அதன்பின் அவன் அடைக்கும் கதவைத் தட்டுவதே பாவமாகிவிடுகிறது.

நம்பிக்கை இதனால் அழியுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. எழுதிய வேதம் எதுவுமின்றியே தலைமுறை தலைமுறையாகத் தெய்வம் தொழுதுவந்த வேடர்களின் வழித்தோன்றல்கள் இக்கரையோரத்தில் இன்றும் வாழ்கின்றனர். ஏடு இல்லாமையால் அவர்தம் பக்தி குன்றிவிடவில்லை.

மறுநாள் அம்மாணவனிடம் நமது விடையைத் திருத்திக்கொண்டோம்: “நூலைப் படி, அதன் அழகைப் போற்று, மனிதனை மனிதன் தாழ்த்தும் இடத்தில் மட்டும் அது யார் சொன்னது என்று கேளாதே, சரிதானா என்று கேள்.” இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.