கண்டி நிலமும் கடமையும்

கண்டியின் எசல பெரஹரவைக் காண வரும் வெளிநாட்டார் பலரும் அதனை ஒரு சமய விழாவாக மட்டுமே கண்டு திரும்புகின்றனர். அவ்வூர்வலத்தில் மேளம் கொட்டுவோரிலும் ஆடுவோரிலும் பந்தம் பிடிப்போரிலும் பலர் பரம்பரைக் கடமையாகவே அதைச் செய்கின்றனர் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அக்கடமைக்கு ஈடாக அவர்களுடைய முன்னோர் வயல் பெற்றிருந்தனர். ஐரோப்பிய நிலமானிய முறையைப் பாடநூலில் மட்டும் படித்த நமக்கு, அதற்கு நிகரான ஒன்றின் எச்சத்தை இன்றும் கண்டி வீதியில் காண முடிகிறது.

கண்டி அரசில் நிலத்துக்கு ஈடு உழைப்பே. அதன் பெயர் ராஜகாரியம். கிராமங்கள் பலவகைப்பட்டன: அரச களஞ்சியத்துக்குரியது கபடாகம, பிரபுக்களுக்கு விடப்பட்டது நிந்தகம, புத்த விகாரைக்குரியது விகாரகம, தேவாலயத்துக்குரியது தேவாலகம. நம் கண்ணகி பத்தினித் தெய்யோவாக வழிபடப்படும் தேவாலயத்துக்கும் இத்தகைய நிலங்கள் உண்டு. கிராமத்தின் ஒரு பகுதி வயல் 'முத்தெட்டு' எனப்பட்டது. அதன் விளைச்சல் உடையவருக்கே சேரும். கூலியின்றி உழுது அறுத்துக் கொடுப்பது குடிகளின் பொறுப்பு. எஞ்சிய வயல்கள் 'பங்குவ' என்ற கூறுகளாகக் குடிகளிடம் இருந்தன. அச்சொல்லில் நம் 'பங்கு' ஒலிப்பதை வாசகர் கவனித்திருப்பர். நிலத்தை அளந்ததும் விதைநெல்லைக் கொண்டே: 10 லாக ஒரு பேல, 4 பேல ஒரு அமுணம்.

இடைக்கால இங்கிலாந்திலும் இதே அமைப்பைக் காணலாம். பிரபுவின் சொந்தப் பண்ணையில் குடியானவன் வாரத்தில் சில நாள் உழைத்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பண்ணையடிமை பிரபுவின் அனுமதியின்றி ஊரைவிட்டு நீங்க இயலாது. கண்டியிலோ கடமை ஆளைவிட நிலத்தையே சார்ந்திருந்தது. நிலத்தைக் கைவிட்டவன் கடமையிலிருந்தும் நீங்கினான். இதைப் பொற்காலமென்று நான் சொல்ல வரவில்லை. யார் எந்த ஊழியம் செய்வது என்பதைச் சாதியே தீர்மானித்தது. எனினும் உழைத்தவனுக்குச் சொந்தமாக உழ ஒரு துண்டு வயல் இருந்தது.

1815-ல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1818 கிளர்ச்சியை அடக்கியபின் நெல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரியாக விதிக்கப்பட்டது. தங்களுக்குத் துணைநின்ற பகுதிகளுக்குப் பதினான்கில் ஒரு பங்கு. கோயில் நிலங்களுக்கு விலக்கு. ராஜகாரியம் 1832-ல் ஒழிக்கப்பட்டது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் கைதியாக மறைந்ததும் அதே ஆண்டில்தான். கோயில், பிரபு நிலங்களின் ஊழியம் மட்டும் தொடர்ந்தது. அதற்குப் பதிலாகப் பணம் செலுத்த 1870-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நிந்தகம ஊழியம் 1968-ல்தான் சட்டப்படி முடிவுற்றது.

ஊழியத்தின் இடத்தைப் பிடித்த காசு வரி குடியானவனுக்கு விடுதலை தரவில்லை. 1880-களில் வலப்பனைப் பகுதியில் நெல்வரி செலுத்த இயலாதோரின் வயல்கள் ஏலத்தில் போயின. மக்கள் பட்டினியில் வாடினர். லெ மெசூரியர் என்ற ஆங்கில அதிகாரியே இக்கொடுமையை வெளிக்கொணர்ந்தார். இங்கிலாந்து வரை கண்டனம் எழுந்தபின் 1892-ல் அவ்வரி நீக்கப்பட்டது.

இதற்குள் மலைச்சரிவுகள் கைமாறியிருந்தன. உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் அரசுடைமையாகக் கருத 1840-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஏக்கர் 5 ஷில்லிங் என்ற அடிமட்ட விலைக்குக் கோப்பித் தோட்டங்களுக்காக நிலம் விற்கப்பட்டது. வாங்கியோரில் உயர் அதிகாரிகளும் இருந்தனர். அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நம்மவர் நடந்தே வந்தனர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் அவர்கள் லயத்திலேயே இருந்தனர்.

மலையகச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். கண்டி மன்னரின் குடிக்கு ஊழியமும் நிலமும் சேர்ந்தே கிடைத்தன. தோட்டத் தொழிலாளிக்கோ ஊழியம் மட்டுமே கிடைத்தது. 1948-ல் குடியுரிமையும் பறிபோனது. 1970-களில் நிலச் சீர்திருத்தம் வந்தபோது, பங்கு பெறுவதற்குப் பதிலாகப் பல தோட்டங்களிலிருந்து அவர்கள் துரத்தப்பட்டனர். குடியுரிமை பின்னர் மீண்டது. காணி உரிமைக் கோரிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. இன்று 7 பேர்ச், 10 பேர்ச் என்று பேசப்படும் அந்தச் சிறு துண்டை எவரும் சலுகையாகக் கருத வேண்டாம். ஏறத்தாழ இரு நூற்றாண்டு ஊழியத்துக்கு வரவேண்டிய பங்கு அது.