வீடு நீங்கியோர்

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வணிகம் செய்யும் அன்பர்களிடம் உரையாடும்போது ஓர் ஏக்கம் அடிக்கடி நம் செவியில் விழுவதுண்டு. கம்பெனியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, ஊர் ஊராகச் சென்று உள்ளத்தைத் தூய்மை செய்துகொள்ள வேண்டும் என்பர். ஒன்றரை ஷிப்டும் சனிக்கிழமைச் சம்பளமும் ஏற்றுமதிக் கெடுவுமாகக் கழியும் வாழ்வில் இவ்வேக்கம் எழுவதில் வியப்பில்லை. ஆயினும், 1920களில் குலாம் காதர் முதலிய முஸ்லிம் வணிகர்கள் பின்னல் எந்திரங்களைக் கொணர்ந்து வித்திட்ட தொழில் அது. அதனை நம்பி எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. வீடு நீங்கிய ஞானியரைப் போற்றும் நாம், அவர்கள் தம்மைச் சார்ந்திருந்தோர்க்கு என்ன வழி செய்தனர் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

இவ்வினாவிற்குத் தம் கையாலேயே விடை எழுதிவைத்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியப் பதவியை அன்னார் துறந்தது ஹிஜ்ரி 488இல், அதாவது கி.பி. 1095இல். பல மாதங்கள் முடிவெடுக்க இயலாமல் தவித்தார்கள், நா எழாது பாடம் நின்றுபோயிற்று, உணவும் செல்லவில்லை. இறுதியில், மக்கா செல்வதாகக் கூறிவிட்டுச் சிரியாவுக்குப் புறப்பட்டார்கள். செல்வத்தைப் பங்கிட்டளித்தவர்கள், தமக்கும் குழந்தைகளுக்கும் வேண்டிய அளவை மட்டும் ஒதுக்கினார்கள். இராக்கின் வருவாய் முஸ்லிம்களின் நலனுக்கென்று வக்பு செய்யப்பட்டது. அறிஞன் ஒருவன் தன் குடும்பத்திற்காகப் பெறுவதற்கு அதனினும் ஏற்ற பொருள் இல்லை என்று காரணமும் காட்டுகிறார்கள். ஞானத்தேடலைச் சொல்லும் நூலில் இக்கணக்கு இடம்பெற்றிருப்பதே நம்மைக் கவர்கிறது. திமிஷ்கின் பள்ளிவாசல் மினாராவில் தனித்திருந்தவரைப் பின்னர் ஊருக்கு ஈர்த்தவையும் குழந்தைகளின் அழைப்புகளே. ஹிஜ்ரி 499இல் நைசாப்பூரில் மீண்டும் பாடம் சொல்லத் தொடங்கினார்கள்.

நம் நாட்டுக் குணங்குடி மஸ்தான் சாகிபு சென்ற வழி வேறு. தொண்டிக்கு அருகில் குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், பதினேழாம் அகவையில் தாய்மாமன் மகளை மணக்க மறுத்துத் துறவு பூண்டார். மணந்தபின் பிரிந்தாரல்லர், மணத்தையே ஏலாதவர். இவ்வேறுபாட்டைச் சிறிதென்று நாம் எண்ணவில்லை. திரிசிராப்பள்ளியில் ஞானாசிரியரிடம் தீட்சை பெற்று, திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்தார். பின்னர்க் காடும் மலையுமாக ஆண்டுக்கணக்கில் திரிந்தார். வடசென்னை இராயபுரத்தில் அவர் தங்கியபோது, தனிமையைத் தேடி வந்தவரைத் தேடி மக்கள் வந்தனர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடியதை நம் சமய வரலாற்றின் நல்ல பக்கங்களுள் ஒன்றாகக் கருதுகிறோம். 1838இல் மறைந்தார். மனைவியோ மக்களோ தொழிலோ இல்லாத அவ்வாழ்வு ஒருவருக்கு வாய்க்கலாம். எந்திரங்களும் தொழிலாளரும் உடையவர் அதனை முன்மாதிரியாகக் காட்டும்போது நமக்குத் தயக்கம் எழுகிறது.

திருப்பூராருக்கு அணுக்கமானவர் தக்கலை பீர்முகம்மது அப்பா என்று நமக்குத் தோன்றுகிறது. அவரும் துணியோடு வாழ்ந்தவர். தென்காசியில் பிறந்து, இன்று பீர்மேடு என வழங்கும் மலையில் தவமிருந்து, பின் தக்கலைக்கு வந்து தங்கினார் என்பது மரபு. மலையிலிருந்து இறங்கியவர் கையேந்தவில்லை. நெசவு செய்தே வாழ்ந்தார். ஞானப்புகழ்ச்சி உள்ளிட்ட பாடல்கள் அத்தறிக்காரரின் ஆக்கங்களே. ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் மக்கள் திரண்டு, அப்பாடல்களை இரவு முழுதும் ஓதுகின்றனர்.