மறைமொழியின் ஆயுள்

ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாவண்ணம் ஆளுதல் வேண்டும் என்பது ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்தும் நெறி. செய்தியோடு அதனைக் கொணர்ந்தவனையும் காத்தல் அரசின் கடன் என்பது இதனாற் பெறப்படும். எனினும், எத்துணைக் காலம் காத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு வரலாறே விடை கூறுகின்றது.

1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் நிலையைக் கைப்பற்றினான். பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூவிடங்களிலிருந்தும் ஆங்கிலப்படை வன்னியை நோக்கி நகர்ந்தது. கப்டன் வொன் டிறிபேக்கின் படை ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் அவனை எதிர்பாராவகையில் தாக்கி வென்றது. படை செல்லும் வழி சில நாள்களே மறைந்திருத்தல் வேண்டும். போர் முடிந்ததும் அவ்விரகசியம் பயனற்றதாயிற்று.

வானொலி அலை வந்தபின் நிலைமை மாறிற்று. தூதனைப் பிடியாமலே செய்தியைக் கவர்தல் எளிதாயிற்று. 1942 மார்ச் இறுதியில், கொழும்பிலிருந்த ஆங்கிலக் கடற்படையின் மறைமொழி ஆய்வாளர், யப்பானியக் கடற்படையின் செய்திகளைப் பகுத்து, இலங்கை தாக்கப்படும் என முன்னறிந்தனர். ஏப்ரில் 5இல் கொழும்பும், 9இல் திருகோணமலையும் தாக்கப்பட்டன. தம் மறைமொழி உடைந்ததை யப்பானியர் அறியாதிருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

இன்றோ, செய்தி பரிமாறுவோர் மறைமொழிக்குரிய திறவுகோலையும் வெளிப்படையான வழியிலேயே பரிமாறுகின்றனர். பேரெண்களைக் காரணிப்படுத்தல் போன்ற கணக்குகளின் கடுமையே அதற்குக் காவல். போதிய ஆற்றலுடைய குவாண்டம் கணினியால் அக்காவல் தகரும் என்பதனைப் பீற்றர் ஷோர் 1994இல் நிறுவினார். அத்தகைய கணினி இன்னும் தோன்றவில்லை. ஆயினும், இன்று கவர்ந்த செய்தியைச் சேமித்து வைத்து அன்று படிக்கலாம் அன்றோ?

இதனை முன்னுணர்ந்தே அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஓகஸ்டில் மூன்று புதிய நியமங்களை வெளியிட்டது. இவற்றிற்கும் விலையுண்டு. பழைய முறையொன்றில் 32 பைற் அளவினதாகிய பொதுத் திறவுகோல், புதிய முறையின் நடுத்தர வகையில் 1184 பைற் ஆகின்றது. காட்டிடையே சிறு கருவியும் குறைந்த மின்கலமும் கொண்டு செய்தி அனுப்புவோனுக்கு இது சுமையே.

எனினும் அச்சுமையை ஏற்றலே தகும். படையின் வழி சில நாள்களில் பழங்கதையாகும். ஒற்றனின் பெயரோ அவன் வாழ்நாள் முழுவதும், அவன் மக்கள் காலத்தும் மறைந்திருத்தல் வேண்டும். இரகசியத்தின் ஆயுளினும் மறைமொழியின் ஆயுள் குறையுமாயின், அவ்விரகசியம் இன்றே வெளிப்பட்டதாகக் கொள்ளுதலே அறிவுடைமையாகும்.